ஆள் இருந்தால் அளவு கெடும்

என் வீட்டுக்காரி, டவர் அலையை அளக்கிற ஆபீசுக்குக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு ரூபாய். அந்தப் பதினெட்டு எதற்கு என்று கேட்டேன். முத்திரை மை தேய்மானம் என்று கவுண்டரில் இருந்த அம்மாள் சொன்னார். மீதி எதற்கு என்று சொல்லத் தொடங்கினால் கதை கொஞ்சம் நீளும்.

எங்களுக்கு மாடியில் ஒரே அறை. ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டட மொட்டை மாடியில் செல்போன் டவர். இரும்புக் கால்கள், நீள நீளமாய் வெள்ளைப் பெட்டிகள், மத்தளம் மாதிரி இரண்டு வட்டம். ஜன்னலை ஒட்டித்தான் இவளுடைய கட்டில். ரத்தத்தில் வந்த வியாதி. கட்டிலை விட்டு இறங்கி ரொம்ப நாளாகிவிட்டது.

டவரால் வந்ததா என்று டாக்டரிடம் நானே கேட்டேன். டவர் என்றால் என்னவென்றே தெரியாத காலத்திலும் இந்த வியாதி இருந்தது, அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள் என்றார். நாங்கள் நம்பினோம். இவள் அந்த டவரை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னது கிடையாது. "அது பாட்டுக்கு நிக்குது, என்ன மாதிரி படுத்துக்கிட்டா இருக்கு" என்பாள்.

சிக்கல் மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். கணக்கு எழுதுகிற வேலை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. படித்தவர், அதனால் படித்துக்கொண்டே இருப்பார். செல்போன் டவர் கைக்குழந்தைகளை என்னவெல்லாம் செய்யும் என்பதை ராத்திரி பகலாகச் செல்போனில் படிப்பார். என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர்கள் இருப்பது தூரத்து ஊர். அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார இவளால் முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் குழந்தைதான் இங்கே வரவேண்டும். இவளுக்கு ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான். பேத்தியை ஒரு தடவை கையில் வாங்க வேண்டும்.

மாப்பிள்ளை போனில் பொறுமையாகத்தான் சொன்னார். "டவர் இருக்கற எடத்துக்குக் கைக்குழந்தைய எப்படி மாமா தூக்கிட்டு வர்றது? அளந்து பாத்து, பாதிப்பு இல்லன்னு ஆபீஸ்ல ஒரு பேப்பர் மட்டும் வாங்கிடுங்க. அன்னைக்கே கெளம்பி வந்துர்றோம்."

இரண்டு தெரு தள்ளி என் தங்கை வீடு இருக்கிறது, அங்கே வரலாமே என்றேன். அவர் போனில் ஏதோ வரைபடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அங்கே இரண்டு சிவப்புப் புள்ளி இருக்கிறது மாமா, உங்கள் வீட்டுக்கு ஒன்றுதான் என்றார். அவர் வீட்டைச் சுற்றி எத்தனை புள்ளி என்று நான் கேட்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடம்.

ஒரு பேப்பர்தானே, ஒரு வாரத்தில் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

அதுவரைக்கும் தினமும் மகள் போனில் குழந்தையைக் காட்டுவாள். டவர் எதிரிலேயே இருந்ததால் படம் கண்ணாடி மாதிரி தெரியும். அவள் பக்கம் சில நேரம் படம் உறைந்து நின்றுவிடும், எங்கள் பக்கம் ஒரு நாளும் நின்றதில்லை. குழந்தை கொட்டாவி விட்டால் தொண்டைக்குள் வரை பார்க்கலாம். "நம்ம டவர் நல்ல டவர்" என்று இவள் மெச்சிக்கொள்வாள். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சொல்லமாட்டாள்.

ஆபீஸ் வாசலில் ஒரு பலகை இருந்தது. நான் எழுத்துக் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்கு மேல், வேலை முடிந்து கிடங்குக் கொட்டகையில் நடந்த வகுப்பில். நீளமான பலகை என்றால் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறக்கி வைத்துத்தான் படிப்பேன். 'பொதுமக்கள் அலைவெளிப்பாட்டு அளவை மற்றும் அச்சநீக்கப் பிரிவு' என்று இருந்தது. முழுவதையும் இறக்கி முடிப்பதற்குள் வாசல் காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். கடைசியாகப் படித்த சொல் வாயில் இருந்ததால், அச்சம் நீங்க வேண்டும் என்றேன். அதற்கு இரண்டாவது கவுண்டர் என்றார்.

கவுண்டர் அம்மாள் கேட்ட முதல் கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அந்த அறையில் இருப்பீர்கள் என்பது. காலையில் கிடங்குக்கு மூட்டை தூக்கப் போனால் இருட்டித்தான் திரும்புவேன் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க பத்தாதுங்க" என்றார். "ரூம்ல ரொம்ப நேரம் இருக்கறது யாரு?"

என் மனைவி, எப்போதும் அங்கேதான், படுத்த படுக்கை என்றேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் முழு நேர வெளிப்பாட்டாளர் ஒருவர் கிடைப்பது இதுதான் முதல் தடவை என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டார். வெளிப்பாட்டாளர் என்றால் அலை படுகிற ஆள். விண்ணப்பம் அவர் பேரில்தான் இருக்க வேண்டும், கட்டணமும் அவர் பேரில்தான் ஏறும். முதலில் அளப்பார்கள், அப்புறம் பணம், அப்புறம் சான்று. இவள் பேருக்குக் கணக்கு தொடங்கியது இப்படித்தான்.

அடுத்தது டவருடைய எண். எண் டவரின் வேலியில் ஒரு தகட்டில் இருக்குமாம். எதிர்க்கட்டடத்துக்குப் போனேன். மாடிக் கதவில் 'அபாயம். அலைவீச்சுப் பகுதி. நெருங்காதீர்' என்று பலகை. நெருங்கினால் ஆபத்தா என்று காவலுக்கு இருந்தவரைக் கேட்டேன். ஆபத்து ஒன்றும் இல்லை, பலகை ஒரு பாதுகாப்புக்காக வைத்தது என்றார். எண்ணைப் பார்க்கக் கம்பெனி அனுமதி வேண்டும். கம்பெனிக்குப் போன் செய்தால் விண்ணப்ப எண் கேட்டார்கள். விண்ணப்ப எண்ணுக்கு அளவை ஆபீஸ் டவர் எண் கேட்டது. இப்படியே நான் அரை நாள் கூலி, அரை நாள் கூலியாக விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் இவள்தான் படுத்தபடியே போன் காமிராவை ஜன்னலுக்கு நேரே பிடித்து, இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, பஸ் நம்பர் படிக்கிற மாதிரி அந்தத் தகட்டைப் படித்தாள்.

"இதுக்குப் போயி நாலு எடம் அலஞ்சீங்களா?" என்றாள்.

ஒரு நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓய்வு பெறுகிற வயது, தோளில் கருவிப் பெட்டி, கையில் மூன்று கால் தாங்கி. இன்னொருவர் கையில் ஒன்றும் இல்லை, ஆகவே அவர்தான் அதிகாரி. தாங்கியை அறை நடுவில் நிறுத்தி, தலையில் தேங்காய் அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டையைச் செருகினார் கருவிக்காரர். அதிகாரி டேப்பை இழுத்துத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளந்து, உருண்டையை ஒரு நூல் ஏற்றி, ஒரு நூல் இறக்கி, அப்படியே நிற்க வைத்தார். அன்றைக்கே இவள் அவருக்கு 'ஒன்றரை மீட்டர்' என்று பேர் வைத்துவிட்டாள். எனக்குக் கூட அவருடைய சொந்தப் பேர் ஞாபகம் இல்லை.

நான் மெதுவாகக் கேட்டேன். சார், இவள் படுத்திருப்பது இவ்வளவு கீழே, குழந்தை வந்தாலும் இவள் பக்கத்தில்தான் கிடக்கும், உருண்டையைத் தலையணைக்கிட்டே வைத்து அளந்தால் என்ன?

ஒன்றரை மீட்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். "ஐயா, நிலையான மனுஷன்னு ஒருத்தன் இருக்கான். விதியில இருக்கான். அவன் நின்னுக்கிட்டிருப்பான். அவனுக்குத்தான் நாங்க அளக்கறோம்."

"அவன் படுக்கவே மாட்டானா?" என்று கட்டிலிலிருந்து இவள் கேட்டாள்.

"விதியில இல்லம்மா."

"குடுத்து வெச்சவன்" என்றாள்.

அப்புறம் எல்லாரும் வெளியே போக வேண்டும் என்றார். ஆறு நிமிஷம் கருவி ஓடும், ஆள் இருந்தால் உடம்பு அலையைக் குடித்துவிடும், அளவு குறைத்துக் காட்டும். நான் குடிக்கிறேன் என்றால் நல்லதுதானே, குழந்தைக்கு மிச்சம் இருக்காதே என்று இவள் சொல்லிப் பார்த்தாள். அதற்கு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"நாங்க மனுஷங்கள அளக்கறதில்லம்மா. மனுஷங்க இருக்கற எடத்த அளக்கறோம். மனுஷங்க இருந்தா அளவு கெட்டுரும். இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேருந்து எங்களுக்கு இருக்கற ஒரே தொந்தரவு அதுதான்."

இவளால் எழுந்து போக முடியாது என்று தெரிந்ததும், அன்றைக்கு மட்டும் சலுகையாக, கட்டிலைச் சுவரோரம் தள்ளி, அசையாமல், ரொம்ப ஆழமாக மூச்சு விடாமல் கிடக்கச் சொன்னார்கள். போனை அணைக்கச் சொன்னார்கள். இவள் அணைத்தேன் என்று தலையாட்டினாள். நாங்கள் மாடிப்படியில் நின்றோம்.

ஆறு நிமிஷம் முடியப்போகிற நேரத்தில் உள்ளே பேச்சுக் குரல். பார்த்தால் இவள் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருக்கிறாள். குழந்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குப்புற விழுந்திருக்கிறது. மகள் அழைத்துவிட்டாள். எடுக்காமல் எப்படி இருப்பது?

"நாளைக்கு அளந்துக்கலாம். அது நாளைக்குக் குப்புற விழுமா?" என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தாள்.

கருவியில் அளவு எகிறிவிட்டதாம். டவருடைய அலை எது, பேத்தியுடைய அலை எது என்று பிரிக்க முடியாதாம். ஒன்றரை மீட்டர் காகிதத்தில் 'வெளிப்பாட்டாளரின் இருப்பால் அளவு தவிர்க்கப்பட்டது' என்று எழுதினார். வந்து அளக்காமல் திரும்பிய கட்டணம் இவள் பேரில் ஏறியது.

அடுத்த தேதிக்கு அவர்கள் சொன்ன நாள் ரொம்பத் தள்ளி இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அச்சம் என்று கவுண்டர் அம்மாள் சொன்னார்.

அந்த இடைவெளியில்தான் மணல் பை வந்தது. குழந்தையைத் தூக்கக் கையில் பலம் இருக்குமா என்று இவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அது இப்போது என்ன எடை என்று மகளிடம் கேட்டுக்கொண்டு, அதே எடைக்கு ஏதாவது கொண்டு வாருங்கள் என்றாள். கிடங்கில் தராசுக்கா பஞ்சம்? ஒரு துணிப்பையில் மணல் அள்ளி, நிறுத்து, வாயைத் தைத்துக் கொண்டு வந்தேன். தினமும் கொஞ்ச நேரம் அதை நெஞ்சில் போட்டுப் பிடித்துக்கொள்வாள். தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம் என்று பைக்கு ஒரு முறை வைத்திருந்தாள். நான் மாற்றி வைத்தால் திட்டுவாள். மகள் புது எடை சொல்லும்போதெல்லாம் பையை எடுத்துப் போய்த் தையலைப் பிரித்து மணல் கூட்டுவேன். என்ன கட்டுகிறாய் என்று கிடங்கில் கேட்டார்கள். பேத்தி வளர்கிறாள் என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை.

இரண்டாவது தடவை வந்தபோது அறையில் ஒரு ஈ கூட இருக்கக்கூடாது என்று ஒன்றரை மீட்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். இவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். ஆயுசு பூராவும் மூட்டை தூக்கினவன், கை வைத்தவுடன் எனக்கு எடை தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது.

"கனமா இருக்கேனா?" என்று கேட்டாள்.

ஆமாம், கனம்தான் என்றேன்.

"பொய் சொல்றப்ப ஒங்க காது ஆடுது" என்றாள்.

கீழே தையல்கடைக்காரர் நாற்காலி போட்டு, வெயிலுக்குக் குடையும் பிடித்தார். அளவு கெடாமல் இருப்பதற்காக இவளைக் கொண்டு போய் உட்கார வைத்த இடம் டவருக்கு நேர் கீழே. இவள் அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு உயரமா, ஜன்னல் வழியாகப் பார்த்தால் நம்ம உயரம்தான் இருக்கும் போல இருந்தது என்றாள்.

கருவிக்காரர் நல்ல மனிதர். மேலே கருவி ஓடிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் நிற்கிற மரத்தைக் காட்டி, அதை நன்றாகப் பாருங்கள் என்றார். பார்த்தேன். பனை மாதிரி ஒன்று. இலை பிளாஸ்டிக். பார்ப்பதற்கு அச்சம் தராமல் இருப்பதற்காகக் கம்பெனி மர வடிவத்தில் வைத்திருக்கிற டவராம் அது. மரம் என்பதால் வரைபடத்தில் கிடையாதாம். எதிர்மாடி டவரை விட அதுதான் புதுசு என்று பெருமையாகச் சொன்னார்.

அன்றைய அளவு பூஜ்யம். கருவி கெட்டுப்போனதோ என்று தட்டிப் பார்த்தார்கள். அப்புறம் விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அளக்கப் போகிறோம் என்று கம்பெனிக்கு முறைப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு விருந்தாள் வந்தால் நாயைக் கட்டிப் போடுகிற மாதிரி, கம்பெனி அன்றைக்கு டவரை, அந்த மரத்தையும் சேர்த்து, நிறுத்தி வைத்துவிட்டது.

பூஜ்யம் என்றால் ரொம்ப நல்லதுதானே சார், அதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஒன்றரை மீட்டர் வருத்தத்தோடு தலையாட்டினார். இவ்வளவு சுத்தமான பூஜ்யத்தை அவர் பார்த்ததே இல்லையாம். ஆனால் பூஜ்யத்துக்குச் சான்று கிடையாது. ஏதாவது இருந்தால்தான் அது கம்மி என்று சொல்ல முடியும்.

இரண்டாவது கட்டணம் ஏறியது. டவர் நின்றிருந்ததால் அன்று முழுக்கப் போனிலும் படம் இல்லை. இவள் இருட்டும் வரை அந்தக் கறுப்புக் கண்ணாடியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, பையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அச்சநீக்க முகாம் என்று ஒன்று நடத்தினார்கள். கல்யாண மண்டபம் மாதிரி ஒரு மண்டபம், பேனர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைமை அளவையர் வந்து பேசினார். அவர் குரலில் ஒரு நடுக்கம் கிடையாது.

"உங்களுக்கெல்லாம் டவர் கண்ணுக்குத் தெரியுது, அச்சம் கண்ணுக்குத் தெரியல. டவருக்கு ஒரு வரம்பு வெச்சிருக்கோம். அச்சத்துக்கு வரம்பு வெக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. அதனால டவர் வரம்புக்குள்ள இருக்கு, நீங்கதான் வரம்பு மீறிப் போறீங்க."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முடிந்ததும் அவரிடம் போய் நின்றேன். இன்ன வீடு, இன்ன டவர், மனைவிக்கு நாள் அதிகம் இல்லை, ஒரு பேப்பர் கிடைத்தால் குழந்தை வரும் என்று சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"ஒரு துளி பயம் வேண்டாம். நீங்க நூத்துக்கு நூறு பாதுகாப்பா இருக்கீங்க. அளக்காமலே சொல்லுவேன்."

அதையே எழுதிக் கொடுங்கள் சார் என்றேன். கையை எடுத்துக்கொண்டார். வாய்மொழியாகத்தான் நூறாம். எழுத்தில் வேண்டுமென்றால் அளக்க வேண்டுமாம். சரி, வாய்மொழியாகவே என் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று போன் போட்டு நீட்டினேன். அவர் இரண்டடி பின்வாங்கினார். போனைக் காதில் வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாதாம். வீட்டிலும் தகரப் பெட்டியில் போட்டு மூடித்தான் வைப்பாராம். அச்சம் இல்லை, முன்னெச்சரிக்கை என்றார்.

அந்தப் பக்கம் மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"பாத்தீங்களா மாமா" என்றார்.

வீட்டுக்கு வந்து முகாமில் நடந்ததை இவளிடம் நடித்துக் காட்டினேன். தகரப் பெட்டி வந்த இடத்தில் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, மாப்பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், குழந்தை மேல் உயிர் இருக்கிற மனிதன், நம் பெண்ணுக்கு வாய்த்தது நல்லதுதான் என்றாள். பையை எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, பையிலேருந்து கொஞ்சம் மணல எடுத்துடறீங்களா? ரொம்ப வளந்துட்டா" என்றாள்.

எடுத்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொன்னாள். மகள் போனில் எடை கூடியிருக்கிறது என்பாள், நான் கிடங்கில் மணலைக் கொட்டிவிட்டு வருவேன். கடைசியில் பை, பிறந்த அன்றைய எடைக்கும் கீழே போய்விட்டது. அப்போதும் தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம்தான்.

மூன்றாவது தேதி கொடுத்திருந்தார்கள். சட்டம் மாறி, கம்பெனிக்குச் சொல்லாமலே வருவார்களாம், கண்டிப்பாக அளவு கிடைத்துவிடும் என்று கவுண்டர் அம்மாள் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். இவளிடம் சொன்னேன். மகளை விட்டு மாப்பிள்ளையை லீவுக்கு எழுதிப் போடச் சொன்னாள். எனக்குக் கூட நம்பிக்கை வந்தது.

அந்தத் தேதிக்கு முந்தின வாரம், காலையில் நான் டீ வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது இவள் இல்லை. டீயை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். ஜன்னலுக்கு வெளியே டவர் பாட்டுக்கு நின்றது. மகளுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். படம் ரொம்பத் தெளிவு. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை குழந்தையோடு தெருமுனையிலேயே நின்றுவிட்டார். மகள் மட்டும் ஓடி வந்தாள். மாப்பிள்ளை அழுதார், பொய் அழுகை இல்லை. ஆனால் வரைபடத்தைப் பார்த்து, எதிர்மாடி டவரிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நிற்க வேண்டுமோ அவ்வளவு தூரத்தில், நிழலுக்காக அந்த மரத்தடியில் நின்றார். அந்தப் பிளாஸ்டிக் பனையடியில். தையல்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அது டவர் என்று அவரிடம் சொல்லிவிடலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம், அவர் எங்கே போய் நிற்பார் என்றேன். குழந்தை பசித்து அழும்போதெல்லாம் மகள் அம்மாவை விட்டு எழுந்து தெருமுனைக்கு ஓடினாள், பால் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள். அப்படி எத்தனை தடவை ஓடினாள் என்று நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இவளை அந்த வழியாகத்தான் தூக்கிப் போனோம். மாப்பிள்ளை ஒதுங்கி நின்றார். குழந்தை அவர் தோளில் முகம் திருப்பித் தூங்கிக்கொண்டிருந்தது. இவளுக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு கை நீளம் இருந்திருக்கும். அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் அதைவிடக் கிட்டே வந்ததில்லை.

ஆபீசில் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சொன்ன தேதிக்கு ஒன்றரை மீட்டரும் கருவிக்காரரும் வந்து கதவைத் தட்டினார்கள். கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தேன். அம்மாவைக் கீழே கொண்டு போய்விட்டீர்களா என்று ஒன்றரை மீட்டர் கேட்டார். சொன்னேன். கருவிக்காரர் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றரை மீட்டர் டேப்பைக் கையில் எடுத்தபடி, மடித்த கட்டிலைப் பார்த்தார். தனக்குத் தெரிந்ததைப் பேசினார்.

"இன்னைக்கு அளவு சுத்தமா வரும்" என்றார், தாழ்ந்த குரலில்.

நான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன். ஆறு நிமிஷம் ஒருத்தரும் பேசவில்லை. இவளுக்காக யாராவது சேர்ந்து மௌனமாக இருந்தது அந்த ஆறு நிமிஷம்தான். உள்ளே உருண்டை மட்டும், நிலையான மனிதனுடைய நெஞ்சு உயரத்தில்.

அளவு வந்தது. வரம்பு நூறு என்றால் எங்கள் அறையில் இருந்தது ஒன்றுகூட இல்லை, ஒன்றில் பாதி. ஆள் இல்லை, போன் இல்லை, டவர் ஓடுகிறது, இப்படி ஒரு அளவைப் பயிற்சி வகுப்பில்தான் காட்டுவார்கள் என்று ஒன்றரை மீட்டர் சொன்னார். குழந்தையைத் தாராளமாகக் கூட்டிவரலாம் என்றார்.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். பேப்பர் கைக்கு வந்ததும் சொல்லுங்கள் மாமா, அடுத்த பஸ்ஸிலேயே வருகிறோம் என்றார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல மாப்பிள்ள" என்றேன்.

ஆனாலும் பேப்பரை வாங்கப் போனேன். வாங்கி வருகிறேன் என்று இவளிடம் சொல்லியிருந்தேன். பாக்கி தீர்ந்தால்தான் சான்று என்றார் கவுண்டர் அம்மாள். நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு. கிடங்கில் முன்பணம் வாங்கி மடியில் வைத்திருந்தேன். எடுத்து வைத்தேன். அவர் தொடவில்லை. பாக்கி வெளிப்பாட்டாளர் பேரில் இருக்கிறது, வேறு ஆளிடம் வாங்கினால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம், அவரையே வந்து கட்டச் சொல்லுங்கள் என்றார். அவர் இறந்துவிட்டார் என்றேன். கவுண்டர் அம்மாள் உண்மையிலேயே பதறிவிட்டார். எங்கள் முழு நேர வெளிப்பாட்டாளரா என்று பக்கத்து மேசைக்காரரும் எழுந்து வந்தார்.

அப்படியென்றால் தள்ளுபடிதான் வழி என்று முடிவு பண்ணினார்கள். தள்ளுபடிக்குக் காரணம் எழுத வேண்டும். அச்சடித்த காரணம் இரண்டே இரண்டுதான் இருந்தது. புகாரைத் திரும்பப் பெற்றார், அல்லது அலைப்பகுதியிலிருந்து குடிபெயர்ந்தார். இறந்துவிட்டார் என்று ஒரு காரணம் கிடையாது. அப்படி அச்சடித்தால் அலையால்தான் இறந்தார் என்று மக்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், அச்சம் பரவும் என்று விளக்கினார்கள். நான் புகாரைத் திரும்பப் பெறவில்லை என்றேன். அப்போது குடிபெயர்ந்தார் என்று போடுகிறோம் என்றார்கள். போடுங்கள் என்றேன்.

கவுண்டர் அம்மாள் குறி போட்டார். அதற்குக் கீழே இன்னும் ஒரு கட்டம் இருந்தது. நிரப்பாமல் விட்டால் மேலதிகாரி திருப்பி அனுப்பிவிடுவாராம். பேனாவைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"புது எடம், டவர்லேருந்து எவ்வளவு தூரங்க?"

"ரொம்ப தூரம்மா."

"மீட்டர்ல சொல்லணுங்க."

பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். அந்த அம்மாள் இரக்கமுள்ளவர். 'அளக்கப்படவில்லை' என்று அவரே எழுதி, முத்திரையை ஊதி நன்றாக அழுத்திக் குத்தி, இவள் பேரில் இருந்த பாக்கி முழுவதையும் தள்ளுபடி செய்தார்.